கங்காணிச் சந்தில் கத்தி வைக்காத நாட்கள்

சிங்காரம் பிறந்தது வீட்டிலும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை, கங்காணிச் சந்தில். அம்மா வடிவம்மாளுக்கு இடுப்புவலி கண்டதும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் இருவர் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து, அந்தச் சந்து வழியே மேட்டுக்கு அப்பால் இருந்த தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். பாதி ஏற்றத்தில், இருபத்தோராவது படிக்கு மேலே, ஒரு தட்டைக் கல் கிடக்கும். "செத்த உக்காந்துட்டுப் போலாம்" என்றாள் வடிவம்மாள். உட்கார்ந்தவள் எழுந்திருப்பதற்குள் பிள்ளை வந்துவிட்டது.

அது சாதாரணக் கல் இல்லை. லயத்தில் யாராவது செத்தால், இடுகாட்டுக்குப் போகும் வழியில் பெட்டியை அந்தக் கல்லில்தான் இறக்குவார்கள். வீட்டைப் பார்த்திருக்கிற முகத்தைக் காட்டைப் பார்க்கத் திருப்பி, தோள் மாற்றித் தூக்குவார்கள். அப்படிப்பட்ட கல்லில் பச்சைப் பிள்ளை பிறந்ததே என்று கிழவிகள் முகத்தைச் சுளித்தார்கள். வடிவம்மாள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் பிறப்புக் காகிதம் வந்தது. அதைத் தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "சந்துல பொறந்தேன்னு எவனாச்சும் சிரிச்சா சிரிக்கட்டும்டா. உன் காகிதத்துல இந்தச் சந்து இருக்கு. வேற எவன் காகிதத்துல இருக்கு?" என்று சொல்லிச் சொல்லியே அவரை வளர்த்தாள்.

அவளுக்கும் படிக்கத் தெரியாது. சிங்காரத்துக்கும் தெரியாது.

சந்து அவரைவிட வயதானது. பிரிஞ்சாங் டவுனிலிருந்து தார்ரோடு வருவதற்கு ரொம்ப முன்னால், முதல் கங்காணியின் ஆட்கள் காட்டை வெட்டி, மண்ணைச் சரித்துப் போட்ட வழி அது. அகலம் எவ்வளவு என்றால், கொழுந்துக் கூடை சுமந்த இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். மழையில் வழுக்குகிறது என்று, ஓடையிலிருந்து கல் தூக்கி வந்து படி கட்டினார்கள். குடும்பத்துக்கு ஒரு படி. நாற்பது குடும்பம், நாற்பது படி. ஏழாவது படி சிங்காரத்தின் தாத்தா போட்டது. நடுவில் விரிசல் விட்டிருக்கும். அந்த வழியாகத்தான் கொழுந்து தொழிற்சாலைக்குப் போனது. அந்த வழியாகத்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், கல்யாணப் பெண்கள் வந்தார்கள், காய்ச்சல்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினார்கள், அல்லது திரும்பவில்லை.

பிறகு மலையின் அந்தப் பக்கம் ரோடு வந்தது. கொழுந்து லோரியில் ஏறியது. ஆஸ்பத்திரியை மூடினார்கள். பள்ளிக்கூடம் டவுனுக்குப் போனது. ஆளாளுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். சந்தில் கால் வைப்பதற்கு இரண்டே பேர் மிஞ்சினார்கள்: செத்தவர்களும் சிங்காரமும்.

சிங்காரம் வாலிபத்தில் தேயிலைச் செடி வெட்டும் கும்பலில் இருந்தார். வாரத்தில் அரை நாள் சந்துக்குப் புல் வெட்ட அவரைத்தான் அனுப்புவார்கள். ரோடு வந்த பிறகு அந்த அரை நாளை நிறுத்திவிட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாராங் கத்தியையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

"எனக்கு ஒரு கொடம் தண்ணி தூக்கிக் குடுக்காத மனுசன், சந்துக்குச் சேவகம் பண்றாரு பாரு" என்பாள் அவர் மனைவி திலகம்.

"அது பேசாதுடி. நீ பேசுற."

"நான் செத்தா அந்த வழியாத்தான் போவேன். அப்பவும் பேசுவேன், இருங்க!"

ஒரு வழக்கம் மட்டும் அந்தச் சந்தில் பிசகியதே இல்லை. ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனால், பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை அங்கே கத்தி வைக்கக் கூடாது. போன உயிர் அந்தப் பதினாறு நாளும் வீட்டுக்கும் காட்டுக்கும் அதே வழியில் நடந்துகொண்டிருக்கும். புல்லில் கத்தி வைத்தால் அதன் காலில் வைத்ததுபோல் ஆகிவிடும் என்று முதல் கங்காணி காலத்திலிருந்தே சொல்லி வந்தார்கள். மற்றவர்கள் அதைப் பாதி நம்பினார்கள். சிங்காரம் முழுக்க நம்பினார். வடிவம்மாள் செத்த பத்தாம் நாள், பக்கத்து லயத்து வேலப்பன் தன் ஆட்டுக்காகச் சந்தில் ஒரு கட்டுப் புல் அறுத்துக்கொண்டு வந்தான். அப்போதுதான் மீசை முளைத்த பையன். கோயில் வாசலில், அத்தனை பேர் பார்க்க, சிங்காரம் அவனைச் செருப்பால் அடித்தார். முப்பது வருஷம் ஆயிற்று. ஒரே தோட்டத்தில் இருந்துகொண்டு, ஒரே சாமிக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டு, இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

போன வருஷம் ஐப்பசியில் தோட்டத்து ஆபீஸ் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். கோயில் தலைவர் காளிமுத்து அதைப் படித்துவிட்டு நேரே சிங்காரத்தின் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, மேட்டுச் சரிவைக் காய்கறித் தோட்டத்துக்குக் குத்தகைக்கு விடறாங்களாம். பிளாஸ்டிக் கூரை போட்டு, சுத்தி வேலி கட்டிடுவாங்க."

"சந்து?"

"அதான் சொல்ல வந்தேன். ஜனங்க நடக்குற பாதை இருந்தா அதை விட்டுட்டுத்தான் வேலி கட்டணுமாம். கம்பெனியிலருந்து சர்வேயர் வந்து பாப்பாராம், அடுத்த மாசம் கடைசிச் செவ்வாக்கெழமை. பாதை பாதையா இருந்தா தப்பிச்சோம். நீங்கதான் இருக்கீங்களே, பளபளன்னு வச்சிருப்பீங்க."

"வரட்டும். செருப்பில்லாம நடந்து பாக்கச் சொல்லு" என்றார் சிங்காரம்.

உள்ளே திலகம் இருமிக்கொண்டிருந்தாள். அந்த இருமல் நிற்கவில்லை. சளி நெஞ்சில் இறங்கி, தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிங்காரம் நான்கு வாரம் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். நான்கு ஞாயிற்றுக்கிழமை சந்துக்குப் போகவில்லை. "புல்லு ஏறியிருக்கும், போயி வெட்டிட்டு வாங்க" என்று அவளே சொன்னாள். "எங்கடி ஓடிப் போவுது அது? நீ எந்திரி, சேந்தே போலாம்" என்றார். அவள் எழுந்திருக்கவில்லை.

மழையோடு மழையாகத்தான் அவளை எடுத்தார்கள். முழங்கால் உயரப் புல்லில் வழுக்கிக்கொண்டே தூக்கிப் போனார்கள். இருபத்தோராவது படிக்கு மேலே, அவர் பிறந்த கல்லில் பெட்டியை இறக்கித் திருப்பினார்கள். திருப்பும்போது மகள் பூவிழி அழுத அழுகை கீழே லயம்வரை கேட்டதாம். சிங்காரம் அழவில்லை. கல்லின் ஓரத்தில் படர்ந்திருந்த கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீடு திரும்பிக் கால் கழுவும்போதுதான் காளிமுத்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சர்வேயர் வருகிற செவ்வாய்க்கிழமை, திலகம் போன பதினான்காம் நாள்.

அன்றைக்கே சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. எட்டாம் நாள் வந்தார். பூவிழி, பிரிஞ்சாங்கில் ஹோட்டல் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, வீட்டில்தான் இருந்தாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. சந்துல புல்லு இடுப்புக்கு வந்துருச்சு. ரெண்டு எடத்துல மண்ணும் சரிஞ்சிருக்கு. சர்வேயர் பாத்தா காடுன்னுதான் எழுதுவான் லா. நீங்க வெட்ட வேணாம். நாங்க நாலு பேரு போயி வெட்டிடறோம். நீங்க அந்தப் பக்கமே வராதீங்க."

"என் பொண்டாட்டி நடக்குற வழியில எவன்டா கத்தி வைக்கிறது?"

"அண்ணே..."

"பதினாறு முடியட்டும்."

"பதினாறு முடியறதுக்குள்ள பாதையே முடிஞ்சிரும்ணே! அண்ணியைப் பொதைச்ச எடமும் வேலிக்கு உள்ள போயிரும். பொங்கலுக்குப் போயி ஒரு வெளக்கு வைக்கணும்னாகூட அவன்கிட்ட கேட்டு நிக்கணும்!"

சிங்காரம் வெற்றிலையை மடித்து மடித்து மறுபடி பிரித்தார். பூவிழி அப்பாவின் அருகே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பாங்க? 'வெட்டுங்கய்யா, என் காலு போனாப் போகுது'ன்னு அவங்களே கத்தியைக் கையில குடுத்திருப்பாங்க."

"குடுத்திருப்பா. அவ அப்படித்தான். அதுக்காக நான் வைக்கலாமா?"

கோயில் கமிட்டியில் இது பேச்சுக்கு வந்தது. பாதிப் பேர், வழக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்றார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து வேலப்பன் எழுந்தான். தலை பாதி நரைத்துவிட்டது அவனுக்கு. முப்பது வருஷத்துக்குப் பிறகு சிங்காரத்தைப் பார்த்துப் பேசினான்.

"விட்டுக்குடுக்கலாம் லா, தாராளமா விட்டுக்குடுக்கலாம். ஆனா ஒண்ணு கேக்கறேன் மாமா. அன்னைக்கு ஒரு கட்டுப் புல்லுக்கு என்னைச் செருப்பால அடிச்சீங்களே. இந்த வாசல்லதான். என் அம்மா பாத்துக்கிட்டு நின்னாங்க. இன்னைக்கு உங்களுக்குன்னா கத்தி வைக்கலாமா? உங்க அம்மாவுக்கு ஒரு சட்டம், உங்க பொண்டாட்டிக்கு ஒரு சட்டமா?"

சிங்காரம் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவன் கேக்கறது நியாயம். ஒரு சட்டந்தான். யாரும் வெட்டக் கூடாது."

காளிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். வேலப்பனுக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. குத்திக் காட்டத்தான் அவன் கேட்டான். அவர் அப்படி முடித்துவிடுவார் என்று நினைக்கவில்லை.

பூவிழிதான் ஒரு யோசனை சொன்னாள். கத்தி வைக்கத்தானே கூடாது, நடக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே? லயத்துச் சனமெல்லாம் நாலு நாள் ஏறி இறங்கினால் புல் தானாகப் படுத்துவிடும், பாதை தெரியும். நல்ல யோசனைதான். ஆனால் காலையில் கொழுந்து வேலை, சாயங்காலம் மழை. முதல் நாள் எட்டுப் பேர் வந்தார்கள். அட்டை கடித்தது, சேற்றில் ஒருத்தி விழுந்து கை பிசகிக்கொண்டாள். இரண்டாம் நாள் மூன்று பேர். அதற்கப்புறம் பூவிழியும் வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

சிங்காரம் தனியாக நடந்தார். எழுபத்தொரு வயது. ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கம்போடு, லயத்திலிருந்து இடுகாட்டுக்கும் இடுகாட்டிலிருந்து லயத்துக்கும் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஏறி இறங்கினார். புல்லை மிதித்துச் சாய்ப்பார். திரும்பி வருவதற்குள் பாதி நிமிர்ந்துவிடும். மறுபடி மிதிப்பார். மண்வெட்டியும் இரும்புதானே என்று, மண் சரிந்து மூடிய படிகளைக் கையாலேயே வழித்துப் பார்த்தார். மேலேயிருந்து மறுபடி இறங்கியது. தாத்தா போட்ட ஏழாவது படி வெளியே வரவே இல்லை. நடக்கும்போது அவர் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்ததாம். "ஒதுங்கி நட திலகம், இங்க வழுக்கும்" என்று சொன்னதைக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த குமுதா தன் காதால் கேட்டிருக்கிறாள். அதற்கப்புறம் அவளுக்கு அந்தப் பக்கம் போகவே பயம்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சர்வேயர் வந்தார். மலாய்க்காரப் பையன், மரியாதையானவன். பெரியவரைக் கூப்பிடுகிற மாதிரி "பாக்சிக்" என்று மலாயில் கூப்பிட்டுக் கையை நெஞ்சில் வைத்து வணக்கம் சொன்னான். காளிமுத்துவும் சிங்காரமும் கூடப் போனார்கள். அவன் படம் எடுத்தான், நாடா பிடித்து அளந்தான், குனிந்து சேற்றைப் பார்த்தான்.

"இந்த வழியில் யார் நடக்கிறார்கள்?" என்று மலாயில் கேட்டான்.

"எல்லாரும். தினமும் ஐம்பது பேர் போவோம், வருவோம்" என்றார் காளிமுத்து.

பையன் சேற்றைக் காட்டினான். ஏறும் தடமும் இறங்கும் தடமும் ஒரே பூட்ஸ். இடது குதிகாலில் ஒரு கிழிசல். அது ஒவ்வொரு அடியிலும் பதிந்திருந்தது. அவன் சிங்காரத்தின் காலைப் பார்த்தான். காளிமுத்து வேறு பக்கம் பார்த்தார்.

"நான்தான் நடந்தேன்" என்றார் சிங்காரம். அவருக்கு மலாய் நன்றாகவே வரும். "ஐம்பது பேர் இல்லை. உயிரோடு நடக்கிறவன் நான் ஒருத்தன்தான். செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு போகிற வழி இது. வாரா வாரம் நான்தான் புல் வெட்டுவேன்."

"வெட்டினால் இவ்வளவு புல் எப்படி, பாக்சிக்?"

"என் மனைவி செத்துப் பதினாலு நாள் ஆகிறது. இன்னும் ரெண்டு நாள் அவள் இங்கே நடப்பாள். அதனால் வெட்டவில்லை."

பையன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா? வரைபடம், கடிதம், இந்தப் பாதையின் பெயர் இருக்கிற ஏதாவது ஒன்று. இருந்தால் நான் சேர்த்து அனுப்புகிறேன்" என்றான்.

சிங்காரத்தின் முகம் மலர்ந்தது. அந்த ஒரு மாதத்தில் அவர் முகம் மலர்ந்து யாரும் பார்த்ததில்லை. பையனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். தகரப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து அம்மா வைத்திருந்த காகிதத்தை எடுத்தார். எழுபத்தொரு வருஷத்தில் மடிப்பெல்லாம் இற்றுப் போயிருந்தது. இரண்டு கையாலும் நீட்டினார்.

"நான் இந்தச் சந்தில் பிறந்தவன். இதில் எழுதியிருக்கிறது."

பையன் படித்தான். மறுபடி படித்தான். பிறகு காளிமுத்துவிடம் கொடுத்தான். காளிமுத்து அதைக் கண்ணருகே கொண்டுபோய் ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"என்னடா? சொல்லு."

"பொறந்த எடம், தோட்டத்து ஆஸ்பத்திரின்னு போட்டிருக்குண்ணே."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். வேற ஒண்ணும் இல்ல. சந்துன்னு எங்கயும் இல்ல."

அந்தக் கிராணி செத்து எத்தனையோ காலம் ஆகிறது. சந்தில் பிறந்தது என்று எழுதினால் தோட்டத்துக்குக் கேவலம் என்று நினைத்தாரோ, எழுத அலுப்புப்பட்டாரோ, யாருக்குத் தெரியும்? சிங்காரம் காகிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தார். மடிக்கும்போது ஒரு துண்டு உடைந்து கீழே விழுந்தது. அதையும் பொறுக்கி உள்ளே வைத்தார்.

"நான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுத முடியும், பாக்சிக்" என்றான் பையன். கொடுத்த தேத்தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனான்.

பதினாறாம் நாள் கருமாதி நடந்தது. பதினேழாம் நாள் பொழுது விடியும்போது சிங்காரம் பாராங் கத்தியோடும் மண்வெட்டியோடும் சந்தில் நின்றார். யாரையும் கூப்பிடவில்லை. மூன்றாவது படி தெரிய ஆரம்பித்தபோது பின்னால் கத்திச் சத்தம் கேட்டது. வேலப்பன், ஆட்டுக்குப் புல் அறுக்கிற அரிவாளோடு, குனிந்து வெட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னைக்கு வெட்டலாம்ல மாமா?" என்றான், நிமிராமல்.

"வெட்டு. புல்லை ஆட்டுக்கு எடுத்துக்க."

இரண்டு நாள் வெட்டினார்கள். ஏழாவது படியின் விரிசல்வரை சுரண்டி எடுத்தார்கள். சந்து கல்யாணத்துக்குப் பெருக்கினதுபோல ஆயிற்று. ஆனால் சர்வேயர் திரும்பி வந்து பார்க்கவில்லை. மாசி மாதம், அங்கே பாதை எதுவும் இல்லை என்று கம்பெனிக் கடிதம் வந்தது. பங்குனியில் வேலி வந்தது. இருபதாவது படியின்மேல் சிமெண்டு ஊற்றி இரும்புக் கால் நட்டார்கள். கல் வேலிக்கு அந்தப் பக்கம். இடுகாடும் அந்தப் பக்கம். புரட்டாசியில் குமுதாவின் மாமனார் செத்தபோது லோரியில் ஏற்றி ரோடு சுற்றிக்கொண்டு டவுன் இடுகாட்டுக்குப் போனார்கள். எங்கே இறக்கித் திருப்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. திருப்பாமலே புதைத்தார்கள். அந்தக் குறை இன்றுவரை அந்த வீட்டில் ஒரு பேச்சாகவே இருக்கிறது.

பொங்கலுக்கு விளக்கு வைக்க ஒரு நாள் வேலிக் கேட்டைத் திறந்துவிடுவதாகக் காய்கறித் தோட்டக்காரன் சொல்லியிருக்கிறான். சிங்காரம் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த வார்த்தை அது. தன்னோடு பிரிஞ்சாங்குக்கு வந்துவிடச் சொல்லி பூவிழி கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது படிக்கும் புல் வெட்டுகிறார். வேலப்பனும் வருகிறான். அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் பேச்சு அதிகம் இருக்காது.

போன வாரம் வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடும்போது சிங்காரம் சொன்னார்:

"என்னைய லோரியில ஏத்தறதுக்கு முன்னாடி இங்க தூக்கிட்டு வாங்க. இந்தக் கம்பிகிட்ட இறக்குங்க. கல்லைப் பாத்தாப்புல திருப்புங்க. அப்புறம் எங்க வேணும்னாலும் கொண்டு போங்க."

"தூக்கறதுக்கு நாலு பேரு வேணுமே மாமா. லயத்துல யாரு இருக்கா? காளிமுத்து அண்ணனுக்கு முட்டி போச்சு."

"நீ ஒருத்தன். மிச்சம் மூணு பேரை நீ தேடு."

வேலப்பன் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே யோசித்தான். வேலிக்கு அந்தப் பக்கம் கல் தெரிந்தது. அதன்மேல் யாரோ உர மூட்டை அடுக்கியிருந்தார்கள்.

"நான் முந்திக்கிட்டேன்னா?"

சிங்காரம் கத்தியை எடுத்துப் புல்லில் ஈரம் போகத் துடைத்தார்.

"பதினாறு நாள் இதை எடுக்க மாட்டேன்" என்றார்.